டேட்டாபேஸ் டிரைவர் தகராறு: திரையில் வரும் செய்தியிலிருந்து ஆரம்பியுங்கள்

மார்ச் கடைசி வாரம் வந்துவிட்டால் காரைக்குடி வட்டாரத்திலிருந்து எனக்கு வரும் போன்களெல்லாம் ஒரே மாதிரி இருக்கும். "தம்பி, புதுக் கம்ப்யூட்டர் வாங்கினோம். பழைய பில்லிங் ப்ரோகிராமை அப்படியே காப்பி பண்ணிப் போட்டோம். திறக்க மாட்டேங்குது." பேசுபவர் ஆத்தங்குடிப் பக்கம் டைல்ஸ் பட்டறையில் கணக்கு எழுதுபவராக இருக்கலாம், கண்டாங்கிச் சேலைக் கடையின் பெட்டியடியில் உட்காருபவராக இருக்கலாம், கானாடுகாத்தானில் பழைய வீட்டை விடுதியாக்கி நடத்துபவராகவும் இருக்கலாம். "திரையில் என்ன வருது அண்ணே?" என்று கேட்டால், பத்தில் ஒன்பது பேர் "ஏதோ எரர் வருது, ஓகே கொடுத்து மூடிட்டேன்" என்பார்கள்.

அந்த ஓகே பட்டனை அழுத்தும் முன் செல்போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். டிரைவர் பிழைகளில் செய்தியின் ஒவ்வொரு சொல்லுக்கும் பொருள் உண்டு. "நாட் ரெஜிஸ்டர்ட்" என்பதற்கு ஒரு மருந்து, "நாட் ஃபவுண்ட்" என்பதற்கு வேறு மருந்து. செய்தியை வாசிக்காமல் இணையத்தில் கிடைத்த டிரைவரையெல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றி வைத்த கம்ப்யூட்டரைச் சரிசெய்ய எனக்கு அரை நாள் ஆகும். ஒன்றும் தொடாமல் படம் மட்டும் அனுப்பியிருந்தால் கால் மணி நேர வேலை. இங்கே அந்தச் செய்திகளைத் தமிழ் எழுத்தில் ஒலித்தபடியே எழுதியிருக்கிறேன். உங்கள் திரையில் உள்ளதோடு ஒப்பிட்டு, உங்களுக்கான இடத்துக்கு நேரே போகலாம். ஆனால் அடுத்து வரும் பகுதியை மட்டும் எல்லோரும் வாசித்துவிடுங்கள். பாதிப் பிரச்சினைகள் அதிலேயே தீரும்.

முதலில் பார்க்க வேண்டியது: 32ஆ, 64ஆ?

பில்லிங் ப்ரோகிராம் ஒரு பாஷை பேசும், டேட்டாபேஸ் ஒரு பாஷை பேசும். டிரைவர் இரண்டுக்கும் நடுவில் நிற்கும் துபாஷி. 32 பிட் ப்ரோகிராமுக்கு 32 பிட் துபாஷிதான் பேச முடியும். 64 பிட் ப்ரோகிராமுக்கு 64 பிட். கலப்பே கிடையாது. விண்டோஸ் 64 பிட்டாக இருப்பதால் டிரைவரும் 64 பிட்டாக இருக்க வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். ப்ரோகிராம் எத்தனை பிட்டோ, டிரைவர் அத்தனை பிட். விண்டோஸுக்கு இதில் சொல்லே இல்லை.

ப்ரோகிராம் எத்தனை பிட் என்று பார்ப்பது சுலபம். அதைத் திறந்து வைத்துக்கொண்டு டாஸ்க் மேனேஜருக்குப் போங்கள். டீட்டெய்ல்ஸ் பக்கத்தில் தலைப்பு வரிசையின்மேல் வலது கிளிக் செய்து, செலக்ட் காலம்ஸ் கொடுத்து, பிளாட்ஃபார்ம் என்பதை டிக் பண்ணுங்கள். ஒவ்வொரு ப்ரோகிராமுக்கும் எதிரே 32 அல்லது 64 என்று வந்துவிடும். எக்செலுக்கு என்றால் ஃபைல், அக்கவுண்ட், அபவுட் எக்செல். திறக்கும் சிறு ஜன்னலின் மேல் வரியிலேயே எத்தனை பிட் என்று இருக்கும்.

புதுக் கம்ப்யூட்டரில் மட்டும் இந்தத் தகராறு ஏன் கூடுதலாக வருகிறது என்று கேட்பார்கள். ஆபீஸ் 2019 முதல் எம்எஸ் ஆபீஸை நாம் ஒன்றும் தேர்ந்தெடுக்காமல் போட்டால் 64 பிட்தான் ஏறும். அதற்கு முன்பெல்லாம் 32 பிட் ஏறும். நம் ஊர் அலுவலகங்களில் ஓடும் பழைய பில்லிங், வட்டிக் கணக்கு, ரசீது ப்ரோகிராம்கள் பெரும்பாலும் 32 பிட். பழைய கம்ப்யூட்டரில் ஆபீஸோடு சேர்ந்து வந்த 32 பிட் டிரைவர்தான் அந்த ப்ரோகிராமுக்கும் சோறு போட்டுக்கொண்டிருந்தது. புதிய கம்ப்யூட்டரில் அது இல்லை.

அடுத்தது ஓடிபிசி ஜன்னல், அதாவது டேட்டாபேஸ் டிரைவர்களையும் இணைப்புகளையும் அமைக்கும் விண்டோஸ் ஜன்னல். விண்டோஸில் அது இரண்டு இருக்கிறது. ஸ்டார்ட் மெனுவில் ஓடிபிசி என்று தட்டினால் 32 பிட், 64 பிட் என்று தனித்தனியாகக் காட்டும். பெயரில் ஒரு குழப்பம் உண்டு, கவனியுங்கள். சிஸ்டம்32 என்ற ஃபோல்டருக்குள் இருப்பது 64 பிட் ஜன்னல். சிஸ்வாவ்64 என்ற ஃபோல்டருக்குள் இருப்பதுதான் 32 பிட் ஜன்னல். இரண்டு ஃபைலுக்கும் ஒரே பெயர், அந்தப் பெயரின் வாலிலும் 32 என்றே இருக்கும். இந்தத் துறையில் பல வருடம் இருப்பவர்களும் இதில் தடுக்கி விழுவார்கள். ஃபோல்டர் வழியாகப் போகாமல் ஸ்டார்ட் மெனு வழியாகவே போங்கள்.

"ஏசிஇ ஓஎல்இடிபி 12.0 ப்ரொவைடர் இஸ் நாட் ரெஜிஸ்டர்ட் ஆன் தி லோக்கல் மெஷின்"

எனக்கு வரும் படங்களில் இதுதான் அதிகம். ஆக்செஸ் (எம்எஸ் ஆபீஸின் டேட்டாபேஸ்) ஃபைலையோ எக்செல் ஃபைலையோ படிக்க வேண்டிய டிரைவர், அந்த ப்ரோகிராமின் பிட்டுக்கு ஏற்றதாக இந்தக் கம்ப்யூட்டரில் இல்லை என்று பொருள். மற்ற பிட்டில் இருக்கலாம், அதனால் பயனில்லை.

இதற்கான டிரைவர் தொகுப்பின் பெயர் ஆக்செஸ் டேட்டாபேஸ் எஞ்சின். மைக்ரோசாஃப்ட் தளத்தில் இலவசமாகவே கிடைக்கும். 2016 பதிப்பை எடுங்கள். 2010 பதிப்புக்கு ஆதரவு அக்டோபர் 2020ல் முடிந்துவிட்டது, பென் டிரைவில் பத்திரமாக வைத்திருப்பவர்கள் அதை அழித்துவிடலாம். ஃபைல் பெயரில் எக்ஸ்64 என்று இருந்தால் 64 பிட், இல்லாவிட்டால் 32.

எம்எஸ் ஆபீஸே இல்லாத கம்ப்யூட்டர் என்றால் இதோடு வேலை முடிந்தது. ஆபீஸ் 64 பிட்டாக இருந்து ப்ரோகிராம் 32 பிட்டாக இருந்தால் இன்ஸ்டால் பாதியிலேயே நிற்கும். "உங்களிடம் 64 பிட் ஆபீஸ் இருக்கிறது, அதனால் 32 பிட் எஞ்சினைப் போட முடியாது" என்று ஆங்கிலத்தில் சொல்லும். இங்கே இரண்டு வழி உண்டு.

ஒன்று, கமாண்ட் ப்ராம்ப்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து, எஞ்சின் ஃபைலின் பெயரை எழுதி, ஓர் இடம் விட்டு, சாய்கோடும் கொயட் என்ற சொல்லும் ஆங்கிலத்தில் சேர்த்து என்டர் கொடுப்பது. கேள்வி கேட்காமல் ஏறிவிடும். பல இடங்களில் நன்றாகவே ஓடுகிறது. ஆனால் மைக்ரோசாஃப்ட் இந்தக் கலப்பை ஆதரிப்பதில்லை. பின்னால் ஆபீஸ் அப்டேட் ஆகும்போது திரும்பவும் உடையலாம். வேர்ட், எக்செல் திறக்கும்போதெல்லாம் "கான்ஃபிகரிங்" என்று ஒரு ஜன்னல் ஓட ஆரம்பிப்பதும் உண்டு.

இரண்டாவது வழி, 64 பிட் ஆபீஸை எடுத்துவிட்டு, அதே லைசென்ஸில் 32 பிட் ஆபீஸைப் போடுவது. ஆபீஸை இறக்கும் பக்கத்தில் அதர் ஆப்ஷன்ஸ் என்பதற்குள் அந்தத் தேர்வு இருக்கும். ஒரு மணி நேரம் பிடிக்கும். நான் இதைத்தான் செய்யச் சொல்வேன். 64 பிட் எக்செல் தேவைப்படுவது நினைவகத்தையே நிரப்பும் அளவு பெரிய ஃபைல்களுக்கு. ஒரு கடையின் வருடக் கணக்கு, ஒரு விடுதியின் அறைப் பதிவு, சில ஆயிரம் வரிச் சரக்குப் பட்டியல் எல்லாம் 32 பிட்டில் தாராளமாக ஓடும். இன்று குறுக்கே போய் மிச்சப்படுத்தும் ஒரு மணி நேரத்தை வருடக் கணக்கு முடிக்கும் இரவில் வட்டியோடு கட்ட வேண்டி வரும்.

செய்தியில் ஏசிஇ என்பதற்குப் பதில் ஜெட் ஓஎல்இடிபி 4.0 என்று இருந்தால் கதை வேறு. ஜெட் விண்டோஸோடே வருகிறது. ஆனால் 32 பிட்டில் மட்டும்தான் உண்டு. 64 பிட்டில் ஒருபோதும் வந்ததில்லை, அதனால் தேடி இறக்க ஒன்றுமில்லை. ப்ரோகிராம் 64 பிட்டாக ஓடுகிறது என்பதே கோளாறு. எழுதிக் கொடுத்தவரைக் கூப்பிட்டு, "எக்ஸ்86க்குக் கம்பைல் பண்ணிக் கொடுங்கள்" என்று கேளுங்கள், எக்ஸ்86 என்றால் 32 பிட். விண்டோஸின் வெப் சர்வரான ஐஐஎஸ்ஸில் ஓடும் இணையப் பக்கம் என்றால் அப்ளிகேஷன் பூலின் அட்வான்ஸ்டு செட்டிங்ஸில் எனேபிள் 32 பிட் அப்ளிகேஷன்ஸ் என்பதை ட்ரூ ஆக்கினால் போதும்.

நகரத்தார் கோயில் அலுவலகம் ஒன்றில் இதைப் பார்த்தேன். அங்கே புள்ளிக் கணக்குப் பதிவேடு முழுவதும் ஒரு பழைய எம்டிபி (ஆக்செஸ்) ஃபைலில் இருந்தது. மணமான ஒவ்வொரு குடும்பமும் ஒரு புள்ளி. ஊர், பிரிவு, விலாசம், எந்த வருடம் வரை புள்ளி வரி கட்டியிருக்கிறார்கள் என்று எல்லாம் அதற்குள். பல தலைமுறை ஓலையிலும் பேரேட்டிலும் எழுதி வந்த கணக்கைப் பொறுமையாக ஏற்றி வைத்திருந்தார்கள். புதுக் கம்ப்யூட்டர் வந்து, ப்ரோகிராமையும் "புதுசாக்கித் தருகிறேன்" என்று ஒருவர் 64 பிட்டில் எழுதிக் கொடுக்க, ஜெட் செய்தி வந்துவிட்டது. கணக்கைப் பார்க்கும் பெரியவர் முகத்தில் கவலை. "தம்பி, டேட்டா போயிருச்சா?" என்று மட்டும் கேட்டார். போகவில்லை. டிரைவர் இல்லை என்றால் கதவு திறக்கவில்லை என்றுதான் பொருள், உள்ளே இருக்கும் பெட்டகத்துக்கு ஒன்றும் ஆகாது. அவர் கண் முன்னாலேயே அந்த ஃபைலை முதலில் இரண்டு இடத்தில் காப்பி எடுத்து வைத்தேன். பிறகு ஆக்செஸில் நேரே திறந்து காட்டினேன். அதற்கப்புறம்தான் அவர் காபி கொண்டுவரச் சொன்னார். எந்த டிரைவர் வேலைக்கும் முன்னால் இந்தக் காப்பியை எடுத்துவிடுங்கள். பயம் தெளிந்தபின் வேலை ஓடும்.

"டேட்டா சோர்ஸ் நேம் நாட் ஃபவுண்ட் அண்ட் நோ டிஃபால்ட் டிரைவர் ஸ்பெசிஃபைட்"

இதன் எண் ஐஎம்002. டிஎஸ்என் என்பது எந்த டிரைவர், எந்த டேட்டாபேஸ் என்ற விவரத்துக்கு ஓடிபிசி ஜன்னலில் நாம் வைக்கும் பெயர். ப்ரோகிராம் தேடும் அந்தப் பெயர் அது பார்க்கும் இடத்தில் இல்லை. இதற்கு நான் பார்த்த காரணங்கள் நான்கு, அடிக்கடி வரும் வரிசையில் சொல்கிறேன்.

தவறான ஜன்னலில் டிஎஸ்என் உருவாக்கியிருப்பார்கள். 32 பிட் ப்ரோகிராமுக்கு 64 பிட் ஜன்னலில் சிஸ்டம் டிஎஸ்என் போட்டால் அது கண்ணில் படாது. சில சமயம் பெயர் கண்ணில் பட்டு, ஆனால் பிட் பொருந்தாமல் போனால் செய்தி மாறும்: "ஆர்க்கிடெக்சர் மிஸ்மேட்ச்", எண் ஐஎம்014. இந்த எண் வந்தால் வேறு எதையும் யோசிக்க வேண்டாம், பிட் பிரச்சினை என்று அதுவே சொல்லிவிட்டது.

யூசர் டிஎஸ்என்னாகப் போட்டிருப்பார்கள். அது போட்டவருடைய லாகினுக்கு மட்டும் தெரியும். காலையில் முதலாளி லாகினில் போட்டுச் சோதித்துவிட்டுப் போவோம், மதியம் வேலைக்கு வரும் பிள்ளை தன் லாகினில் திறந்தால் இருக்காது. அலுவலகக் கம்ப்யூட்டரில் எப்போதும் சிஸ்டம் டிஎஸ்என்.

பெயரில் எழுத்துப் பிழை, அல்லது கடைசியில் கண்ணுக்குத் தெரியாத ஓர் இடைவெளி. வாட்ஸ்அப்பில் வந்த பெயரைக் காப்பி பண்ணி ஒட்டினால் இது நடக்கும். கையால் தட்டுங்கள்.

நான்காவது, டிஎஸ்என் இல்லாமல் டிரைவர் பெயரையே கனெக்ஷன் வரியில் எழுதும் ப்ரோகிராம்கள். அங்கே ஓடிபிசி ஜன்னலின் டிரைவர்ஸ் பக்கத்தில் எப்படி இருக்கிறதோ, காற்புள்ளியும் அடைப்புக்குறியும் உட்பட அப்படியே எழுத வேண்டும். எஸ்க்யூஎல் சர்வர் (மைக்ரோசாஃப்டின் டேட்டாபேஸ்) டிரைவர் 17 என்று வரியில் இருந்து, கம்ப்யூட்டரில் 18 இருந்தால் அது வேறு டிரைவர்தான். ஒன்றுக்கு ஒன்று மாற்றாக நிற்காது. இரண்டையும் ஒரே கம்ப்யூட்டரில் வைத்துக்கொள்ளலாம், சண்டை போடாது.

"சிஸ்டம் எரர் கோட் 126"

டிரைவர் இன்ஸ்டால் ஆகிவிடும். டிஎஸ்என் போட ஆட் கொடுத்தால், "ஸ்பெசிஃபைடு மாட்யூல் குட் நாட் பி ஃபவுண்ட்" என்று 126ஐக் காட்டும். மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸின் டிரைவரான கனெக்டரில் இது அதிகம். ஃபைல் இருக்கிறதே என்று ஃபோல்டரைத் திறந்து பார்த்துவிட்டுத் திகைப்பார்கள். காணாமல் போனது அந்த ஃபைல் இல்லை, அது நம்பியிருக்கும் விஷுவல் சி ப்ளஸ் ப்ளஸ் ரீடிஸ்ட்ரிபியூட்டபிள் என்ற மைக்ரோசாஃப்ட் துணைத் தொகுப்பு. இங்கேயும் அதே பிட் விதி: 32 பிட் டிரைவருக்கு எக்ஸ்86 தொகுப்பு, 64க்கு எக்ஸ்64. நான் புதுக் கம்ப்யூட்டரில் கையோடு இரண்டையும் போட்டுவிடுவேன், இடம் அதிகம் பிடிக்காது. போட்டபின் ஒருமுறை ரீஸ்டார்ட். எண் 193 என்று வந்தால் டிரைவர் ஃபைலே தவறான பிட்டில் இருக்கிறது, அதை எடுத்துவிட்டுச் சரியானதைப் போடுங்கள்.

மைஎஸ்க்யூஎல்லிலேயே "கேச்சிங் ஷா2 பாஸ்வேர்ட்" என்ற சொல் செய்தியில் வந்தால் கனெக்டர் பழையது. 2018ல் வந்த 8.0 பதிப்பிலிருந்து பாஸ்வேர்டைச் சரிபார்க்கும் முறை மாறிவிட்டது. சர்வரைப் பின்னோக்கி இழுக்காமல், கனெக்டரைப் புதுப்பியுங்கள்.

"சர்வர் டஸ் நாட் எக்ஸிஸ்ட் ஆர் ஆக்செஸ் டினைடு", "எரர் லொகேட்டிங் சர்வர்"

இந்தச் செய்திகள் வந்தால் டிரைவரை விட்டுவிடுங்கள். துபாஷி நலமாக இருக்கிறார், அவர் போக வேண்டிய வீட்டுக்கு வழிதான் அடைத்திருக்கிறது. டிரைவரைத் திரும்பத் திரும்ப அழித்துப் போட்டு ஒரு நாளைத் தொலைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

நம் ஊர் வீடுகளில் இதற்கென்றே ஒரு காரணம் இருக்கிறது. முகப்பில் பெட்டியடி, அங்கே சர்வர் கம்ப்யூட்டர், ரௌட்டர். வளவை (நடு முற்றத்தை) தாண்டி இரண்டாம் கட்டில் இன்னொரு கம்ப்யூட்டர். நடுவில் முழங்கை நீளத்துக்குச் செங்கல், சுண்ணாம்புச் சுவர், தேக்கு நிலை. செல்போனில் வைஃபை இரண்டு கோடு காட்டினாலும், டேட்டாபேஸுக்கு அது போதாது. படம் பார்க்கும்போது சிக்னல் ஒரு நொடி விட்டால் யாருக்கும் தெரியாது. பில் போடும்போது அந்த ஒரு நொடி விட்டால் கனெக்ஷன் அறுந்து, பாதிப் பில் தொங்கும். ஆக்செஸ் ஃபைலை நெட்வொர்க்கில் பகிர்ந்து வைத்திருந்தால் ஃபைலே கெட்டுப்போகவும் வாய்ப்பு உண்டு. கானாடுகாத்தான் பக்கம் ஒரு விடுதியில் மாதக்கணக்கில் "டிரைவர் சரியில்லை" என்று பழி சுமத்திக்கொண்டிருந்த கோளாறு, வளவின் ஓரமாக ஒரு நெட்வொர்க் கேபிளை இழுத்துக் கட்டிய அன்று தீர்ந்தது. சுவரைத் துளைக்க மனமில்லை என்றால், நிலைக்கு மேலே உள்ள காற்றோட்டத் துவாரம் வழியாகக் கேபிளைக் கொண்டுபோகலாம், நாங்கள் அப்படித்தான் செய்தோம்.

கேபிள் சரியாக இருந்தும் வரவில்லை என்றால் இந்த வரிசையில் பாருங்கள். சர்வர் கம்ப்யூட்டரின் ஐபி (நெட்வொர்க் முகவரி) மாறியிருக்கிறதா? ரௌட்டர் மாற்றினால் ஐபி மாறும். சர்வருக்கு நிலையான ஐபி கொடுத்துவிடுங்கள். அதே ரௌட்டர் மாற்றத்தில் இன்னொன்றும் நடக்கும். விண்டோஸ் அதைப் புது நெட்வொர்க் என்று எண்ணி, பப்ளிக் என்று முத்திரை குத்தி, ஃபயர்வாலை இறுக்கிவிடும். ப்ரைவேட் என்று மாற்றுங்கள். நேற்று வரை ஓடியது இன்று காலை நின்றது என்றால், "ரௌட்டரை மாத்துனீங்களாண்ணே?" என்பதுதான் நான் கேட்கும் முதல் கேள்வி.

எஸ்க்யூஎல் சர்வர் எக்ஸ்பிரஸைப் புதிதாகப் போட்டிருந்தால், வெளியிலிருந்து வருபவர்களுக்கான டிசிபி ஐபி கதவு ஆரம்பத்தில் மூடியே இருக்கும். கான்ஃபிகரேஷன் மேனேஜரில் அதை எனேபிள் பண்ண வேண்டும். அங்கேயே ஐபி ஆல் என்ற கடைசிப் பகுதியில் டைனமிக் போர்ட்ஸ் கட்டத்தைக் காலியாக்கி, டிசிபி போர்ட் கட்டத்தில் 1433 என்று எழுதி, சர்வீஸை ரீஸ்டார்ட் பண்ணுங்கள். ஃபயர்வாலில் உள்ளே வரும் 1433க்கு அனுமதி கொடுங்கள். இன்ஸ்டன்ஸ் (அந்தக் கம்ப்யூட்டரில் போட்ட எஸ்க்யூஎல் சர்வருக்கு வைத்த) பெயரைச் சொல்லித்தான் இணைவேன் என்றால் பிரவுசர் சர்வீஸ் ஓட வேண்டும், அதற்கு யூடிபி 1434ம் திறந்திருக்க வேண்டும். பெயர் இல்லாமல் ஐபி, காற்புள்ளி, 1433 என்று எழுதினால் அந்தத் தொல்லை இல்லை. முக்காற்புள்ளி போடாதீர்கள், இந்த சர்வருக்குக் காற்புள்ளிதான். மைஎஸ்க்யூஎல் என்றால் போர்ட் 3306, போஸ்ட்கிரஸ் என்றால் 5432.

கோளாறு ப்ரோகிராமிலா, வழியிலா என்று பிரித்தறிய நான் எப்போதும் செய்யும் ஒரு சோதனை இருக்கிறது. டெஸ்க்டாப்பில் காலியான டெக்ஸ்ட் ஃபைல் ஒன்றை உருவாக்கி, அதன் வால் பெயரை யூடிஎல் என்று ஆங்கிலத்தில் மாற்றுங்கள். இரண்டு முறை கிளிக் செய்தால் டேட்டா லிங்க் ஜன்னல் திறக்கும். அதில் ப்ரொவைடர், சர்வர், பாஸ்வேர்ட் கொடுத்து டெஸ்ட் கனெக்ஷன் அழுத்தினால் ஆமா, இல்லை என்று உடனே தெரியும். வேறு எதையும் இன்ஸ்டால் செய்ய வேண்டியதில்லை. 64 பிட் விண்டோஸில் இது 64 பிட் ப்ரொவைடர்களை மட்டும் காட்டும், 32 பிட் பட்டியல் இதில் வராது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

"லாகின் ஃபெயில்டு", 18456 என்று வந்தால் நல்ல சகுனம். வழி, டிரைவர் எல்லாம் சரி, பெயரோ பாஸ்வேர்டோ மட்டும்தான் தப்பு. பாஸ்வேர்ட் சரியாக இருந்தும் அதே செய்தி வந்தால் சர்வர் விண்டோஸ் லாகின் மட்டும் ஏற்கும் முறையில் இருக்கலாம், மிக்ஸ்டு மோடுக்கு மாற்றிச் சர்வீஸை ரீஸ்டார்ட் பண்ணுங்கள்.

"சர்டிஃபிகேட் செயின் வாஸ் இஷ்யூட் பை ஆன் அத்தாரிட்டி தட் இஸ் நாட் ட்ரஸ்டட்"

எஸ்க்யூஎல் சர்வர் ஓடிபிசி டிரைவர் 18, 2022ல் வந்தது. அதிலிருந்து என்கிரிப்ஷன் தானாகவே கட்டாயம். 17 வரை நாம் கேட்டால்தான் உண்டு. அலுவலக சர்வரில் முறையான சான்றிதழ் இருக்காது, அதனால் 18 முறைத்துக்கொள்ளும். அலுவலகத்துக்குள்ளேயே ஓடும் நெட்வொர்க் என்றால் டிஎஸ்என் அமைப்பில் ட்ரஸ்ட் சர்வர் சர்டிஃபிகேட் என்பதை டிக் பண்ணுங்கள். இணையம் வழியாக வெளியூர்க் கிளை இணைகிறது என்றால் அப்படிச் செய்யாதீர்கள். நடுவில் யாரோ சர்வர் வேஷம் போட்டு நின்றாலும் தெரியாமல் போகும். அங்கே சான்றிதழை வாங்கிப் போடுவதே சரி.

"டிபிநெட்லிப்", "எஸ்எஸ்எல் செக்யூரிட்டி எரர்" என்ற இரண்டும் சேர்ந்து வந்தால் நிலைமை தலைகீழ். சர்வரில் டிஎல்எஸ் 1.0 என்ற பழைய என்கிரிப்ஷன் முறையை நிறுத்தியிருப்பார்கள், ப்ரோகிராம் விண்டோஸோடு வந்த பழைய டிரைவரைப் பிடித்துக்கொண்டிருக்கும். டிஎஸ்என்னைப் புது டிரைவரில் மறுபடி போடுங்கள்.

தமிழ் எழுத்துக்குப் பதில் கேள்விக்குறி

ஆங்கிலத்தில் எழுதியிருக்கும் உதவிப் பக்கங்கள் இதைத் தொடுவதில்லை. நமக்கோ இதுதான் உயிர்நாடி. ரசீதில் தமிழ்ப் பெயர் வராவிட்டால் அந்த ரசீதை யார் வாங்குவார்கள்? மூன்று விதமாகக் கெடும். எந்த விதம் என்று கண்ணாலேயே பிரிக்கலாம்.

முதல் விதம், வெறும் கேள்விக்குறிகள். "காரைக்குடி" என்று தட்டிச் சேமித்தால், திரும்ப எடுக்கும்போது பத்துக் கேள்விக்குறி. ஐந்து எழுத்துக்கு ஏன் பத்து? கா என்பது கண்ணுக்கு ஓர் எழுத்து, எல்லா மொழி எழுத்துக்கும் எண் கொடுக்கும் யூனிகோடு முறையில் ககரமும் காலுமாக இரண்டு குறியீடு. ரை இரண்டு, க் இரண்டு, கு இரண்டு, டி இரண்டு. யூனிகோடு தெரியாத இடம் ஒன்று நடுவில் இருந்து, ஒவ்வொரு குறியீட்டையும் தூக்கி எறிந்துவிட்டுக் கேள்விக்குறி வைத்திருக்கிறது. மைஎஸ்க்யூஎல் கனெக்டரில் ஆன்சி டிரைவர், யூனிகோடு டிரைவர் என்று இரண்டு இருக்கும், யூனிகோடைத்தான் எடுக்க வேண்டும். எஸ்க்யூஎல் சர்வரில் பெயர் பதியும் காலம் (நெடுவரிசை) வார்கேர் வகையாக இருந்தால், யூனிகோடு ஏற்கும் என்வார்கேர் வகையாக மாற்றச் சொல்லுங்கள். மாற்றியபிறகும் கேள்விக்குறி வந்தால், ப்ரோகிராமில் மேற்கோளுக்கு முன் ஆங்கில என் எழுத்து விடுபட்டிருக்கும். இந்த விதத்தில் சேமித்த பழைய பெயர்கள் போனது போனதுதான். கேள்விக்குறியிலிருந்து பெயரை மீட்க வழியில்லை. அதனால் முதல் கேள்விக்குறியைப் பார்த்த உடனே பதிவு செய்வதை நிறுத்துங்கள். "அப்புறம் பாத்துக்கலாம்" என்று அன்றைய நாள் முழுக்கப் பதிந்தால், அத்தனை பெயரையும் மறுபடி விசாரித்து எழுத வேண்டும்.

இரண்டாம் விதம், தலையில் சாய்கோடு போட்ட சிறிய ஆங்கில ஏ எழுத்தும், வட்டத்துக்குள் ஆர் குறியும் மாறி மாறி வரிசையாக வரும். பார்க்கப் பயங்கரமாக இருக்கும், ஆனால் இது நல்ல செய்தி. தமிழ் யூனிகோடின் ஒவ்வொரு குறியீடும் யூடிஎஃப்8 என்ற சேமிப்பு முறையில் மூன்று பைட். முதல் பைட் எல்லாவற்றுக்கும் ஒன்றே, அதை லத்தீன் எழுத்து என்று தப்பாக வாசித்தால் அந்த ஏ வருகிறது. டேட்டா பத்திரமாக இருக்கிறது, வாசிக்கும் கண்ணாடிதான் தவறு. டிஎஸ்என் அமைப்பில் கேரக்டர் செட் கட்டத்தில் யூடிஎஃப்8எம்பி4 என்று தேர்ந்தெடுத்தால் பெரும்பாலும் தமிழ் திரும்பிவிடும்.

மூன்றாம் விதம், பொருளில்லாத ஆங்கில எழுத்துகளும் குறிகளும் சொல் சொல்லாக நிற்கும். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டிய டேட்டா அது. டிரைவருக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அந்த எழுத்துரு இருந்தால் தெரியும், இல்லாவிட்டால் தெரியாது. 2010ல் தமிழ்நாடு அரசே யூனிகோடுக்கு வந்துவிட்டது, நீங்களும் எழுத்துரு மாற்றி (கன்வெர்ட்டர்) மூலம் ஒரேயடியாக யூனிகோடுக்கு மாற்றிவிடுங்கள். மாற்றும்போது நெடுவரிசையின் நீளத்தைக் கவனியுங்கள். நம் பக்கம் முன்னெழுத்துகள் நீளம். "மெ.சித.ராம." என்று எழுதினாலே யூனிகோடில் பதினோரு இடம் போய்விடும், பெயர் இன்னும் ஆரம்பிக்கவே இல்லை. இருபது இடம் கொடுத்த நெடுவரிசையில் பெயர் பாதியில் அறுந்து நிற்கும், அல்லது "ட்ரங்கேட்" என்று பிழை வரும். தாராளமாக 150 கொடுங்கள்.

மற்றவை, சுருக்கமாக

"ஆபரேஷன் மஸ்ட் யூஸ் ஆன் அப்டேட்டபிள் க்வெரி": ஆக்செஸ் ஃபைல் இருக்கும் ஃபோல்டரில் எழுத அனுமதி இல்லை. ஃபைலுக்கு மட்டும் அனுமதி கொடுத்தால் போதாது, பூட்டு ஃபைல் ஒன்றைப் பக்கத்திலேயே அது உருவாக்க வேண்டும், அதனால் ஃபோல்டருக்கே கொடுங்கள். ப்ரோகிராம் ஃபைல்ஸுக்குள் டேட்டாவை வைக்கவே வைக்காதீர்கள்.

"அன்எக்ஸ்பெக்டட் எரர் ஃப்ரம் எக்ஸ்டர்னல் டேட்டாபேஸ் டிரைவர்": அக்டோபர் 2017 விண்டோஸ் அப்டேட்டுக்குப்பின் ஜெட் வழியாக எக்செல் ஃபைல் படித்த ப்ரோகிராம்கள் உலகம் முழுக்க இதைக் காட்டின. பழைய, அப்டேட் நின்றுபோன கம்ப்யூட்டரில் இன்றும் வந்தால், ஜெட்டை விட்டு ஏசிஇக்கு மாறுவதுதான் தீர்வு.

டாலியிலிருந்து எக்செலுக்குக் கணக்கை இழுப்பவர்களுக்கு: டாலி திறந்து, அதில் கம்பெனியும் திறந்திருந்தால்தான் அதன் ஓடிபிசி பேசும். கனெக்டிவிட்டி அமைப்பில் ஓடிபிசி எஸ் என்று இருக்க வேண்டும், போர்ட் வழக்கமாக 9000. அதே போர்ட்டில் வேறு ஏதாவது ப்ரோகிராம் உட்கார்ந்திருந்தால் எண்ணை மாற்றிக்கொள்ளுங்கள்.

பழைய கம்ப்யூட்டரை எக்ஸ்சேஞ்சில் கொடுக்கும் முன்

கடைக்காரர் வண்டியில் ஏற்றும்வரை யாரும் இதை நினைப்பதில்லை, அதனால் கடைசியில் சொல்கிறேன். ஓடிக்கொண்டிருக்கும் பழைய கம்ப்யூட்டரில் எல்லா டிஎஸ்என் அமைப்பும் ரெஜிஸ்ட்ரியில் (விண்டோஸ் தன் அமைப்புகளை எழுதி வைக்கும் பேரேட்டில்) இருக்கிறது. ரெஜிஸ்ட்ரி எடிட்டரில் லோக்கல் மெஷின், சாஃப்ட்வேர், ஓடிபிசி, அதற்குள் ஓடிபிசி டாட் ஐஎன்ஐ என்ற கிளையை வலது கிளிக் செய்து எக்ஸ்போர்ட் பண்ணுங்கள். 64 பிட் விண்டோஸில் 32 பிட் டிஎஸ்என்கள் சாஃப்ட்வேருக்குக் கீழே வாவ்6432நோட் என்ற தனிக் கிளைக்குள் இருக்கும், அதையும் எடுங்கள். யூசர் டிஎஸ்என்களுக்கு கரண்ட் யூசரின் கீழே அதே பாதை. ஓடிபிசி ஜன்னலின் டிரைவர்ஸ் பக்கத்தைப் பெயரும் பதிப்பு எண்ணும் தெரியும்படி படம் எடுங்கள், 32 ஜன்னலில் ஒன்று, 64ல் ஒன்று. புதுக் கம்ப்யூட்டரில் முதலில் டிரைவர்களைப் போட்டுவிட்டு, பிறகு இந்த ஃபைல்களை இரண்டு முறை கிளிக் செய்தால் டிஎஸ்என்கள் வந்து உட்கார்ந்துவிடும். டிரைவர் இருக்கும் பாதை இரண்டிலும் ஒன்றுதானா என்று மட்டும் ஒருமுறை பாருங்கள். பாஸ்வேர்ட் இதோடு வரும் என்று நம்பாதீர்கள், அதைத் தனியாக எழுதி, பெட்டியடிப் பெட்டிக்குள் பூட்டி வையுங்கள்.